அரிப்பு, சொறி, வெளுத்த மூக்கு: நாய் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

“நாய் சொறிந்துகொண்டே இருக்கிறது, என்ன தடவலாம்?” என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான். பதிலுக்கு நான் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: “எங்கே சொறிகிறது?” தடவுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் கால்நடை மருத்துவன் அல்ல. இருபது வருடத்துக்கு மேல் நாய்களோடு குப்பை கொட்டியவன், அவ்வளவே. கையைச் சுட்டுக்கொண்டு தெரிந்துகொண்டதும், பொறுமையுள்ள சில மருத்துவர்கள் சொல்லிக்கொடுத்ததும்தான் கீழே இருப்பவை.

நாய் சொறிவது இயல்புதானே? எப்போது கவலைப்பட வேண்டும்?

தூங்கி எழுந்ததும் காதுக்குப் பின்னால் நாலு தரம் சொறிந்துவிட்டுப் போனால் அது நாய். விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்து சொறிந்தால், ராத்திரி எழுந்து சொறிந்தால், முடி கொட்டினால், தோல் சிவந்தால், வாடை வந்தால் அது நோய்.

இன்னொன்று: அரிப்பு என்றால் காலால் பிராண்டுவது மட்டும் இல்லை. பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பது, முகத்தைப் பாயில் தேய்ப்பது, தலையை உதறுவது எல்லாம் அரிப்புத்தான். வெள்ளை நாயாக இருந்தால் விரலிடுக்கைப் பிரித்துப் பாருங்கள். அங்கே முடி செம்பட்டையாகித் துருப்பிடித்த நிறத்தில் இருந்தால், நீங்கள் பார்க்காத நேரத்தில் மணிக்கணக்கில் நக்கியிருக்கிறது என்று அர்த்தம். எச்சில் ஏற்றிய சாயம் அது.

சொறியும் இடத்தை வைத்து என்ன கண்டுபிடிக்க முடியும்?

உறுதியாக எதையும் சொல்ல முடியாது, ஆனால் பாதி தூரம் போய்விடலாம். வாலடி, இடுப்புக்கு மேல், பின்தொடை என்றால் முதலில் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகியுங்கள். காது மடலின் ஓரம், முழங்கை, குதிகால் ஆகியவை ஒன்றாகச் சேர்ந்து பொருக்குத் தட்டினால் சொறிப்பூச்சி. பாதம், முகம், அக்குள், அடிவயிறு, காதுக்குழி என்று பரவலாக இருந்து, நாய்க்கு வயது ஆறு மாதத்துக்கும் மூன்று வருடத்துக்கும் இடையில் தொடங்கியிருந்தால் ஒவ்வாமை. குட்டியின் கண்ணைச் சுற்றியும் உதட்டோரத்திலும் அரிப்பே இல்லாமல் முடி கொட்டினால் டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சி. நடுவயதைத் தாண்டிய நாய்க்கு இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி, அரிப்பில்லாமல் முடி உதிர்ந்தால் தோலை விட்டுவிட்டு ரத்தத்தைச் சோதிக்கச் சொல்வார்கள். தைராய்டு குறைவோ அட்ரினல் சுரப்பிக் கோளாறோ உள்ளே இருக்கலாம்.

ஒரு தெள்ளுப்பூச்சிகூடக் கண்ணில் படவில்லை. ஆனாலும் மருத்துவர் அதுதான் என்கிறார். நம்பலாமா?

நம்பலாம். தெள்ளுக்கடிக்கு ஒவ்வாமை உள்ள நாய் நாள் முழுக்கத் தன்னையே கடித்து நக்கி, இருக்கிற பூச்சியை எல்லாம் விழுங்கிவிடும். ஒன்றிரண்டு கடி போதும், அரிப்பு நாள்கணக்கில் நிற்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வெள்ளைத் தாளை ஈரமாக்கித் தரையில் விரியுங்கள். நாயை அதன்மேல் நிற்க வைத்து, வாலடியில் முடியை எதிர்த்திசையில் கரகரவென்று சீவுங்கள். மிளகுத்தூள் மாதிரிக் கறுப்புத் துகள் விழும். சாதாரண அழுக்கு அழுக்காகவே கிடக்கும். தெள்ளுப்பூச்சியின் எச்சமாக இருந்தால், ஒரு நிமிடத்தில் துகளைச் சுற்றிச் செம்பழுப்பு வளையம் ஊறும். அது உங்கள் நாயின் ரத்தம்.

நாய்மேல் இருக்கும் வளர்ந்த பூச்சி மொத்தக் கூட்டத்தில் ஏறக்குறைய 5 சதவீதம்தான். மீதி 95 சதவீதமும் முட்டை, புழு, கூட்டுப்புழு என்று பாயிலும், தரை விரிசலிலும், சோபா இடுக்கிலும் கிடக்கிறது. ஒரு பெண் பூச்சி நாளுக்கு 40 முதல் 50 முட்டை வரை இடும். கூட்டுப்புழு மாதக்கணக்கில் அசையாமல் காத்திருக்கும். அதனால்தான் ஒரு தடவை மருந்து போட்டுவிட்டு “வேலை செய்யவில்லை” என்று விட்டுவிடக் கூடாது. வீட்டில் உள்ள எல்லா நாய் பூனைகளுக்கும், குறைந்தது மூன்று மாதம் விடாமல் போட வேண்டும். படுக்கையை வெந்நீரில் துவைக்க வேண்டும். பூனை இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்து பூனையின் உயிரைக் குடித்துவிடும். “கொஞ்சமாகப் போடலாம்” என்ற பேச்சுக்கே இடமில்லை.

உண்ணியை எப்படி எடுப்பது?

முனை கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக, நிதானமாக இழுக்க வேண்டும். தீக்குச்சியால் சுடுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது, வயிற்றைப் பிதுக்குவது வேண்டாம். அப்படிச் செய்தால் உண்ணி தன் எச்சிலையும் குடலில் உள்ளதையும் கடிவாய்க்குள் கக்கும். காதுக்குள்ளும், விரலிடுக்கிலும், கழுத்துப்பட்டைக்கு அடியிலும் தேடுங்கள். பழுப்பு நாய் உண்ணி சுவர் விரிசலில் ஏறி முட்டையிடும் வகை, அதனால் நாயை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை. உண்ணிக் காய்ச்சல் தோலோடு நிற்காது. மூக்கில் ரத்தம் வருவதைப் பற்றிக் கேட்கும்போது இதே உண்ணி மறுபடி வரும்.

நாய்ச்சொறி மனிதர்களுக்கு ஒட்டுமா?

எந்தச் சொறி என்பதைப் பொறுத்தது. ஒருமுறை சாலையோரத்திலிருந்து ஒரு குட்டியைத் தூக்கிவந்தேன். காது ஓரம் முழுக்கப் பொருக்கு. நாலைந்து நாளில் என் முன்கையிலும் இடுப்பிலும் சிவப்புச் சிவப்பாய்ப் பொரிந்து, ராத்திரியில் தூக்கமே போயிற்று. மருத்துவர் குட்டியின் காது மடலை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெல்லத் தேய்த்தார். பின்னங்கால் தானாகவே காற்றில் சொறிய ஆரம்பித்தது! சார்காப்டிஸ் என்ற சொறிப்பூச்சியால் வரும் சொறிக்கு இது பழைய கைவைத்தியச் சோதனை மாதிரி. மற்ற அரிப்பிலும் சில சமயம் வரும், ஆனாலும் நல்ல துப்பு. இந்தப் பூச்சி மனிதத் தோலில் இனப்பெருக்கம் செய்யாது. குட்டிக்கு மருந்து போட்ட இரண்டு மூன்று வாரத்தில் என் அரிப்பும் அடங்கியது. தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் பூச்சி பல சமயம் அகப்படாது. “டெஸ்ட்டில் ஒன்றுமில்லை, பிறகு ஏன் மருந்து?” என்று மருத்துவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

டெமோடெக்ஸ் வேறு. அது எல்லா நாயின் மயிர்க்காலிலும் கொஞ்சம் இருக்கும். பிறந்த சில நாளில் பால் குடிக்கும்போது தாயிடமிருந்து குட்டிக்கு வருவது. எதிர்ப்புச் சக்தி குறைந்தால் பெருகும். நமக்கு ஒட்டாது. குட்டிக்கு ஓரிரு திட்டாக வந்தால் பெரும்பாலும் தானே போய்விடும். வயதான நாய்க்குத் திடீரென்று வந்தால், எதிர்ப்புச் சக்தியைக் குறைத்தது எது என்று உள்ளே தேட வேண்டும்.

இப்போது இரண்டுக்குமே நல்ல மாத்திரைகள் இருக்கின்றன: ஃப்ளூராலானர், அஃபோக்ஸோலானர், சரோலானர், லோட்டிலானர். வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த வகை மருந்துகளுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் வலிப்பு எச்சரிக்கை விடுத்தது. பழைய ஐவர்மெக்டின் ஊசி கோலி இனத்துக்கும் அதன் கலப்புகளுக்கும் ஆபத்து. அவற்றில் பல நாய்களுக்கு மருந்தை மூளைக்குள் போகாமல் தடுக்கும் மரபணு பழுதுபட்டிருக்கும்.

பழைய என்ஜின் ஆயில் தடவினால் சொறி போகும் என்கிறார்களே?

போகாது. தோல் வெந்துபோகும், நாய் அதை நக்கி ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொள்ளும். இந்த யோசனையைச் சொன்னவர் தன் கையில் தடவிக்கொண்டு ஒரு வாரம் இருக்கட்டும், பிறகு பேசலாம்.

வட்டவட்டமாக முடி கொட்டியிருக்கிறது. படர்தாமரையா?

இருக்கலாம், ஆனால் வட்டம் எல்லாம் படர்தாமரை இல்லை. நாய்களில் பாக்டீரியாப் புண்ணும் வட்டமாகத்தான் விரியும். நடுவில் ஆறி, ஓரத்தில் செதில் உரிந்து, மோதிரம் மாதிரித் தெரியும். அதன்மேல் பூஞ்சைக்கான களிம்பைப் பூசி ஒரு மாதத்தை வீணாக்குபவர்கள் நிறைய. புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிர்ந்தால் படர்தாமரை என்பதும் பாதி உண்மைதான், ஒளிராத வகைகளும் உண்டு. முடியைப் பிடுங்கி, அதில் உள்ள பூஞ்சையை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பதே நம்பகமானது. உண்மையான படர்தாமரை வீட்டில் உள்ளவர்களுக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, ஒட்டும்.

குளிப்பாட்டிய இரண்டாம் நாளே நாற்றம் அடிக்கிறது. ஏன்?

மலசீஷியா என்ற ஈஸ்ட் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். தோல் பிசுபிசுக்கும், அக்குளும் கழுத்து மடிப்பும் கறுத்து யானைத்தோல் மாதிரித் தடிக்கும், காதிலிருந்து புளித்த வாடை வரும். வாசனை ஷாம்பு போட்டு இதை மூடி மறைக்க முடியாது. குளோர்ஹெக்ஸிடினும் மிக்கோனசோலும் கலந்த மருந்து ஷாம்பு வேண்டும், அதைப் போட்டதும் கழுவிவிடக் கூடாது. நுரையோடு 10 நிமிடம் ஊற விட வேண்டும். ஈர நாயை 10 நிமிடம் பிடித்து வைப்பது லேசான வேலையில்லை. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வயிற்றைத் தடவிக்கொடுத்தபடியே உட்கார்ந்திருப்பேன். ஈஸ்ட் பெரும்பாலும் தானாக வருவதில்லை. அடியில் ஒவ்வாமை இருக்கும். அதைக் கவனிக்காவிட்டால் ஷாம்பு தீரத் தீர வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நம் ஷாம்புவையே போடலாமா?

வேண்டாம். நாயின் மேல்தோல் மூன்று முதல் ஐந்து அடுக்குச் செல்தான். நமக்குப் பத்துக்கு மேல். நம் தோல் அமிலத்தன்மை உள்ளது, நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது. நமக்காகச் செய்த ஷாம்பு அதைக் காயவைத்துவிடும்.

உணவு ஒவ்வாமை என்றால் எந்த உணவை நிறுத்துவது?

ஒன்றை மட்டும் நிறுத்திப் பார்ப்பதில் பயனில்லை. நாய்களில் ஒவ்வாமை தரும் பொருள்களில் முன்னால் நிற்பவை மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி, கோதுமை. அதாவது வழக்கமாகத் தின்பதுதான். ரத்தத்திலும் எச்சிலிலும் சோதித்து உணவு ஒவ்வாமையைச் சொல்லும் பரிசோதனைகளை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். நம்பகமான வழி ஒன்றுதான்: நாய் இதுவரை தின்றே இராத ஒரு புரதம், அல்லது புரதத்தைச் சிறு துண்டாக உடைத்துச் செய்த மருத்துவ உணவு, அதை மட்டும் 8 வாரம் கொடுப்பது. அரிப்பு குறைந்ததும் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். மறுபடி அரித்தால்தான் நிரூபணம்.

இந்த 8 வாரம் தோற்றுப்போவது பெரும்பாலும் நாயால் இல்லை. தட்டிலிருந்து நழுவும் ஒரு துண்டாலும், “பாவம், ஒன்றே ஒன்று” என்று பிஸ்கட் நீட்டும் தாத்தாவாலும்தான்.

ஊசி போட்டால் மறுநாளே சரியாகிறது, ஒரு மாதத்தில் திரும்பி வருகிறது. என்ன ஊசி அது?

அனேகமாக ஸ்டீராய்டு. என் பழைய நாய் ஒன்றுக்கு ஒரு இடத்தில் மாதம் ஒரு ஊசி என்று ஏழு மாதம் போட்டார்கள். ஒருமுறைகூடத் தோலைச் சுரண்டிப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை, அரிப்பு நின்றதே என்ற சந்தோஷம். நாய் தண்ணீர்ப் பாத்திரத்தைக் காலி செய்துகொண்டே இருந்தது, வீட்டுக்குள் சிறுநீர் போனது, வயிறு பானையாகத் தொங்கியது. மூன்றும் அந்த ஊசியின் வேலை.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. கடும் அரிப்பைச் சீக்கிரம் அடக்குவதில் அது கெட்டி. பூச்சியா, கிருமியா, ஒவ்வாமையா என்று பார்க்காமலே போடுவதுதான் தப்பு. சொறிப்பூச்சி உள்ள நாய்க்குப் போட்டால் அரிப்பு கொஞ்ச நாள் அடங்கும், உள்ளே பூச்சி பெருகும். ஒவ்வாமைதான் என்று முடிவானால் நீண்ட நாளைக்குக் கொடுக்க ஒக்ளாசிட்டினிப் மாத்திரை இருக்கிறது, 4 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை போடும் லோகிவெட்மாப் ஊசி இருக்கிறது. “நீங்கள் போடுவது ஸ்டீராய்டா?” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

காலையில் இல்லாத புண், மாலைக்குள் உள்ளங்கை அளவு ஆகிவிட்டது. எப்படி?

அதற்கு ஹாட் ஸ்பாட் என்று பெயர். ஒரு கடியோ, காது வலியோ, முடிக்குள் ஈரமோ இருந்து நாய் ஒரே இடத்தை மென்றுவிடும். சுற்றியுள்ள முடியை வெட்டி, கழுவி, காற்றுப்பட விட்டு, கழுத்தில் கூம்பு மாட்ட வேண்டும். மாவு, பவுடர் தூவி மூடாதீர்கள், அடியில் சீழ் கட்டும். புண்ணில் புழு நெளிந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், அன்றே மருத்துவமனை.

மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்கிறார்களே?

பொய். தூங்கி எழுந்த நாய்க்கு மூக்கு காய்ந்துதான் இருக்கும், நக்கிக்கொண்டதும் ஈரமாகிவிடும். காய்ச்சல் உள்ள நாயின் மூக்கு ஈரமாகவும் இருக்கலாம். நாயின் உடல் வெப்பம் 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட், நம்மைவிட அதிகம். ஆகவே தொட்டுப் பார்த்து “சுடுகிறது” என்பதும் செல்லாது. தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

கறுப்பு மூக்கு வெளுத்துக்கொண்டு வருகிறது. நோயா?

இங்கே பார்க்க வேண்டியது நிறத்தை மட்டும் அல்ல. நல்ல வெளிச்சத்தில் மூக்கை உற்றுப் பாருங்கள். கூழாங்கல் பரப்பிய மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும், கைரேகைபோல நாய்க்கு நாய் அந்த அமைப்பு மாறும். நிறம் மங்கி, கூழாங்கல் அப்படியே இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி போன்றவற்றுக்குக் குளிர்மாதங்களில் மூக்கு இளஞ்சிவப்பாகிப் பிறகு திரும்பிக் கறுக்கும்.

கூழாங்கல் அழிந்து மூக்கு வழவழப்பாகி, சாம்பல் நீலம் ஓடி, ஓரத்தில் வெடித்துப் பொருக்குத் தட்டினால் விஷயம் வேறு. டிஸ்காய்டு லூபஸ் என்ற, உடல் தன்னையே தாக்கும் நோயாக இருக்கலாம். ஜெர்மன் ஷெப்பர்ட், கோலி இனங்களில் அதிகம், வெயில் பட்டால் ஏறும். மூக்கோடு காது மடலிலும் பாதப் பட்டையிலும் மஞ்சள் பொருக்கு எழும்பினால் பெம்ஃபிகஸ் என்ற இன்னொன்று. மூக்கில் வரும் புற்றுப் புண்ணும் ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும். மூன்றையும் கண்ணால் பிரிக்க முடியாது. ஒரு துளி தோலை வெட்டிச் சோதிக்கத்தான் வேண்டும்.

மூக்கு நுனி மரப்பட்டை மாதிரித் தடித்து வெடிக்கிறது.

வயதான நாய்களிலும் சப்பை மூக்கு நாய்களிலும் இது சகஜம். வெதுவெதுப்பான ஈரத்துணியை ஐந்து நிமிடம் ஒற்றி, மெல்லியதாக வாஸ்லைன் தடவினால் போதும். பொருக்கை நகத்தால் பிய்க்காதீர்கள். லாப்ரடார்களில் ஒரு வயதுக்கு முன்பே தொடங்கினால் பரம்பரை. தடுப்பூசி போடாத நாய்க்கு மூக்கும் பாதமும் தடித்து, கண்ணில் பீளை, இருமல், சோர்வு எல்லாம் சேர்ந்தால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

மூக்கில் சளி அல்லது ரத்தம் வருகிறது.

முதல் கேள்வி: ஒரு துளையிலா, இரண்டிலுமா? ஒரு பக்கம் மட்டும் வந்தால் அந்தப் பக்கத்தில் ஏதோ இருக்கிறது: புல்நுனி, மேற்பல் வேரில் சீழ், பூஞ்சை, கட்டி. இரண்டிலும் வந்தால் உடல் முழுக்க உள்ள நோயைத் தேடுவார்கள்.

ரத்தம் என்றால் நாயை அமைதியாகப் படுக்க வைத்து மூக்குத் தண்டின் மேல் குளிர்ந்த துணி வையுங்கள். துளைக்குள் பஞ்சு திணிக்காதீர்கள், நம் வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமி ரத்தத் தட்டணுக்களைக் குறைத்து மூக்கில் ரத்தம் வரவைக்கும். எலி மருந்தைத் தின்ற நாய்க்கும் சில நாள் கழித்துத்தான் ரத்தம் கசியும். அதற்குள் தின்றதையே நாம் மறந்திருப்போம்.

ஒரு விநோதமும் உண்டு. நாய்களுக்குள் தொற்றும் ஒரு புற்றுநோய்க் கட்டி இருக்கிறது. கிருமியால் அல்ல, புற்றுச் செல்லே ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறி முளைக்கும். ரஷ்யரான நோவின்ஸ்கி 1876-இல் ஒரு நாயின் கட்டியை இன்னொன்றுக்கு ஒட்டவைத்துக் காட்டியது இதைத்தான். கலவியால் பரவும் இது, பிறப்புறுப்பை முகர்வதால் மூக்குக்குள்ளும் வரும்: ஒரு பக்க ரத்தம், மூக்குத் தண்டில் வீக்கம். புற்று என்றதும் கை கழுவிவிடாதீர்கள். வாரம் ஒருமுறை வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை ஊசியாகப் போட்டால் பெரும்பாலான நாய்கள் முழுதாகத் தேறுகின்றன.

திடீரென்று மூக்கும் உதடும் பந்துபோல வீங்கிவிட்டது!

எதையாவது முகர்ந்து குளவியிடமோ தேனீயிடமோ வாங்கியிருக்கும். பொதுவாக ஒரு நாளில் வடியும். மூச்சுத் திணறல், வாந்தி, ஈறு வெளுத்தல் இருந்தால் காத்திருக்கக் கூடாது. இரண்டு பல் பதிந்த தடமும் கடும் வலியும் இருந்தால் பாம்பு என்றே வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

மூச்சை உள்ளுக்கு இழுத்து இழுத்துப் பன்றி மாதிரி உறுமுகிறது. உயிர் போகிறதோ என்று பயந்துவிட்டேன்.

தும்மலைத் திருப்பிப் போட்ட மாதிரி. அரை நிமிடம், ஒரு நிமிடம் நீடிக்கும், பிறகு ஒன்றும் நடக்காததுபோல வாலாட்டும். எப்போதாவது வந்தால் கவலையில்லை. தினமும் வந்தால், ரத்தமோ சளியோ சேர்ந்தால் காட்டுங்கள். மூக்கில் வாழும் ஒரு நுண்பூச்சியும் காரணமாக இருக்கலாம்.

வீட்டில் இருக்கும் களிம்பைத் தற்காலிகமாகப் பூசலாமா?

நாய் நக்கும் என்பதை வைத்து யோசியுங்கள். பூசுவது எல்லாம் ஊட்டுவதுதான். துத்தநாக ஆக்சைடு களிம்பு ரத்த அணுக்களை உடைக்கும். வலிக்குத் தடவும் டைக்ளோஃபினாக் ஜெல் குடலையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். சோரியாசிஸுக்கான கால்சிபோட்ரியால், தோல் புற்றுக்கான ஃப்ளூரோயூராசில் இரண்டும் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே கொல்லும். டியூபைக் கடிக்கும் குட்டி உள்ள வீட்டில் அலமாரியில் பூட்டி வையுங்கள். டீ ட்ரீ எண்ணெயும் நஞ்சு. சளி மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் இருந்தால் அதுவும்.

மருத்துவரிடம் போகும்போது என்ன எடுத்துப் போவது?

போவதற்கு முன் இரண்டு மூன்று நாள் குளிப்பாட்டாதீர்கள், களிம்பு தடவாதீர்கள். பார்க்க வேண்டியதைக் கழுவிவிட்டுப் போய் நிற்பதில் என்ன லாபம்? எப்போது தொடங்கியது, எந்தெந்த இடம், வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது, இதுவரை போட்ட மருந்தின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். காலி அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த உறுமலையும் ராத்திரிச் சொறிதலையும் செல்போனில் வீடியோ எடுத்துவிடுங்கள், ஏனென்றால் மருத்துவரின் மேஜைமேல் ஏற்றியதும் உங்கள் நாய் ஒன்றுமே இல்லாததுபோல ஆடாமல் அசையாமல் நிற்கும்.